வேட்டைக் களம் பொதுப் பூங்காவான கதை: பரத்பூர் தரும் பொருளாதாரப் பாடங்கள்

பொதுமக்களுக்கு உரிய வனவிலங்குப் பகுதிகளுக்கு மூன்று வகையினர் வருகின்றனர். வேட்டையாட வருவோர் ஒரு வகையினர். காலார நடந்து இயற்கையைக் காண வருவோர் மற்றொரு வகையினர். பறவைகளை இனங்கண்டு குறிப்பெடுத்துக்கொள்ள வருவோர் மூன்றாம் வகையினர். அமெரிக்கா போன்ற நாடுகளில், பருவங்களையும் பகுதிகளையும் வரையறுத்து, ஒரே நிலப்பரப்பில் இம்மூவருக்கும் இடமளிக்கும் முறை உள்ளது. நம் நாட்டில் சட்டம் வேட்டையை விலக்கிவிட்டு, மற்ற இரண்டு நோக்கங்களுக்கு மட்டுமே அனுமதி வழங்குகிறது.

முறைகள் வேறுபட்டாலும் அடிப்படை வினா ஒன்றுதான். இத்தகைய பகுதியைக் காப்பதற்கான செலவை யார் ஏற்பது? அதன் பயனை யார் பெறுவது? அதனால் விளையும் இழப்பு யார் தலையில் விழுகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண முற்படும்போது நான்காம் வகையினர் ஒருவரும் நம் கண்ணில் படுகின்றனர். நுழைவுச் சீட்டு ஏதுமின்றி, மாடு மேய்க்கவும் புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் தலைமுறை தலைமுறையாக அங்கு வந்துபோன சுற்றுக் கிராம மக்களே அவர்கள்.

இந்நால்வரின் உறவையும் ஒரே இடத்தில் வைத்து ஆராய்வதற்கு இராஜஸ்தான் மாநிலம் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா மிகவும் ஏற்றது. ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்பே உடைய இச்சிறு நிலத்தில், ஒரு நூற்றாண்டுக் காலத்தில் வேட்டையும் மேய்ச்சலும் பறவை காணலும் ஒன்றன்பின் ஒன்றாக முதன்மை பெற்றும் இழந்தும் வந்துள்ளன.

மனிதர் அமைத்த சதுப்பு நிலம்

ஆக்ராவுக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பரத்பூர். கம்பீர், பாணகங்கை ஆகிய ஆறுகளின் வெள்ளம் வந்து தேங்கும் தாழ்வான பகுதி அது. 18-ஆம் நூற்றாண்டில் மன்னர் சூரஜ்மல் காலத்தில் அங்கு அஜான் அணை எனப்படும் நீண்ட மண் கரை எழுப்பப்பட்டது. அதற்கு வெகு காலத்திற்குப் பின்னர், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இத்தாழ்நிலம் சிறு கரைகளாலும் மதகுகளாலும் பல பாத்திகளாகப் பிரிக்கப்பட்டது. மழைக் காலத்தில் அஜான் அணையில் தேங்கும் நீரைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு பாத்தியிலும் வேண்டிய ஆழத்திற்கு நிறுத்திவைக்க இதனால் வழி பிறந்தது.

இத்தனை ஏற்பாடும் வாத்து வேட்டைக்காகவே செய்யப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. 1902-ஆம் ஆண்டு வைஸ்ராய் கர்சன் பிரபுவின் வருகையுடன் இவ்வேட்டைக் களம் முறையாகத் தொடங்கியது. பின்னர் வந்த வைஸ்ராய்களும் இளவரசர்களும் படைத் தளபதிகளும் சமஸ்தானத்தின் விருந்தினராக இங்கு வேட்டையாடினர். 1938 நவம்பரில் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. யார், எந்த நாளில், எத்தனை பறவைகள் என்ற விவரங்களைத் தாங்கிய கல்வெட்டு பூங்காவினுள் உள்ள கேவலாதேவ் சிவன் கோவிலின் அருகே இன்றும் நிற்கிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, இந்தச் சதுப்பு நிலம் தானாக நிலைத்திருப்பதன்று; ஆண்டுதோறும் நீர் திறந்து, மதகு பழுதுபார்த்து, புல் குறைத்துப் பேணினால்தான் இது சதுப்பு நிலமாக இருக்கும். இரண்டாவது, அன்று இச்செலவு சமஸ்தானக் கருவூலத்தைச் சார்ந்திருந்தது. வேட்டை ஆண்டில் சில நாட்களே நடைபெற்றது. எஞ்சிய நாட்களில் சுற்றுக் கிராமங்களின் எருமைகளும் பசுக்களும் அங்கு மேய்ந்தன. ஆகவே, வேட்டைக்காரருக்கும் மேய்ப்பவருக்கும் அந்நாளில் பெரிய மோதல் எழவில்லை.

சட்டம் வளர்ந்த வழி

நாடு விடுதலை பெற்றபின் 1956-ல் இப்பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் வேட்டையாடும் உரிமை முன்னாள் மன்னரிடமே இருந்துவந்தது. கடைசிப் பெரிய வேட்டை 1964-ல் நடந்தது. 1972-ல் அவ்வுரிமையும் முடிவுற்றது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை உடனடியாக முற்றிலும் ஒழித்துவிடவில்லை என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளவேண்டும். சிறு விலங்கு, பெரு விலங்கு, சிறப்பு விலங்கு என வகைப்படுத்தி வேட்டை உரிமங்கள் வழங்க அச்சட்டத்தில் இடமிருந்தது. உரிமம் பெற்றோர் மட்டும் வேட்டையாடக்கூடிய 'வேட்டைக் காப்பிடம்' என்ற பிரிவும் அதில் இருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகவே இவை நீக்கப்பட்டன. மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் விலங்கைக் கொல்ல அனுமதிப்பது போன்ற விதிவிலக்குகள் தவிர, பொழுதுபோக்கு வேட்டைக்கு இன்று இந்தியாவில் இடமில்லை. இதற்கிடையே 1976-ல் நிறைவேறிய 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், வனவிலங்குகளைக் காப்பதை அரசின் நெறிமுறைக் கோட்பாடாகவும் குடிமக்களின் கடமையாகவும் ஆக்கியது.

பரத்பூரின் தகுதியும் படிப்படியாக உயர்ந்தது. 1981-ல் ஒரிசாவின் சில்கா ஏரியுடன் சேர்த்து, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் இந்தியாவின் முதல் சதுப்பு நிலங்களுள் ஒன்றாக இது இடம்பெற்றது. 1982-ல் தேசியப் பூங்காவாகவும், 1985-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாகவும் சிறப்புப் பெற்றது.

இங்குச் சரணாலயத்திற்கும் தேசியப் பூங்காவிற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம். சரணாலயத்தில் கால்நடை மேய்ச்சலை முறைப்படுத்தி அனுமதிக்கலாம். மக்களின் சில உரிமைகள் தொடரவும் வழியுண்டு. தேசியப் பூங்காவில் சட்டத்தின் 35-ஆவது பிரிவு கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்கிறது. பெயர்ப் பலகையில் ஒரு சொல் மாறுகிறது. அதனுடன் சுற்றிலும் வாழும் குடும்பங்களின் வாழ்வாதாரமும் மாறுகிறது.

1982-ஆம் ஆண்டின் படிப்பினை

தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டின் நவம்பரில் மேய்ச்சல் தடை நடைமுறைக்கு வந்தது. முன்னரே பூங்காவைச் சுற்றி மதில் எழுப்பப்பட்டிருந்தது. மாற்று மேய்ச்சல் நிலமோ தீவன ஏற்பாடோ போதிய அளவில் இல்லாத நிலையில், கிராம மக்கள் தடையை எதிர்த்துத் திரண்டனர். போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். கிராமத்தினர் சிலர் உயிரிழந்தனர். பறவைகளைக் காக்க எடுக்கப்பட்ட முடிவு மனித உயிர்களைப் பலிகொண்ட இந்நிகழ்ச்சி, நம் நாட்டின் வனவிலங்கு நிர்வாக வரலாற்றில் மறக்கலாகாத ஒன்றாகும்.

மேய்ச்சல் தடையை ஆதரித்தவர்களின் வாதமும் வலுவற்றதன்று. எருமைகளின் நடமாட்டம் பறவைகளுக்கு இடையூறு என்றும், அவை உண்ணும் தாவரங்கள் பறவைகளுக்கு வேண்டும் என்றும் அவர்கள் கருதினர். ஆனால் இதனைச் சோதித்தறியும் ஆய்வு முடிவடைவதற்குள் தடை வந்துவிட்டது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980-களில் இங்கு மேற்கொண்ட நீண்டகால ஆய்வின் முடிவுகள் பலரும் எதிர்பாராதவையாக அமைந்தன. எருமைகள் நின்றுபோனதும் பாஸ்பாலம் என்ற ஒருவகை நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து, திறந்த நீர்ப்பரப்பை மூடத் தொடங்கியது. வாத்துகள் இறங்க இடம் குறைந்தது. மீன்களுக்கும், மீன் உண்ணும் பறவைகளுக்கும் ஏற்ற சூழல் கெட்டது. மேய்ச்சலை அடியோடு நிறுத்தியது சதுப்பு நிலத்திற்கு நன்மை செய்யவில்லை என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். நீர்ப் பற்றாக்குறை, மேய்ச்சல் முறையின் சமநிலைக் கேடு ஆகிய காரணங்களால் 1990-ல் இப்பூங்கா, சீர்கேட்டுக்கு உள்ளாகும் ராம்சார் சதுப்பு நிலங்களின் பட்டியலான மான்ட்ரூ பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

இதனைப் பொருளாதார நோக்கில் காண்போம். எருமைகள் புல்லைத் தின்றது அவற்றின் உரிமையாளர்களுக்கு வருமானம்; பூங்காவிற்கோ அது கூலியில்லாப் பணி. இந்தப் பணி எந்தக் கணக்கேட்டிலும் பதிவாகவில்லை. பதிவாகாததால் அதற்கு மதிப்பு இல்லை என்று எண்ணப்பட்டது. பணி நின்றபிறகு, அதே புல்லை ஆட்களைக் கொண்டும் இயந்திரங்களைக் கொண்டும் அகற்ற நிர்வாகம் செலவிட நேர்ந்தது. கிராமத்தினர் தீவனத்தை இழந்தனர். அரசு பணத்தை இழந்தது. பறவைகள் நீர்ப்பரப்பை இழந்தன. மூவருக்கும் இழப்பு தரும் முடிவு பொருளாதாரத்தில் அரிதாகவே காணக்கிடைக்கும்.

நீருக்கான போட்டி

மேய்ச்சல் சிக்கலை விஞ்சியது நீர்ச் சிக்கல். இப்பூங்கா தன் பறவை வளத்தைக் காக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 550 மில்லியன் கன அடி, அதாவது அரை டி.எம்.சி.க்குச் சற்றே மிகுதியான நீர் தேவை. பெரும் பாசனத் திட்டங்களுடன் ஒப்பிட்டால் இது சிறிய அளவே. ஆனால் வறண்ட பகுதியில் சிறிய அளவுக்கும் உரிமை கோருவோர் பலர்.

கம்பீர் ஆற்றின் மேல்பகுதியில், கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை கட்டப்பட்டது. அதன்பின் பூங்காவிற்கு வரும் இயல்பான வெள்ளம் குறைந்தது. 2004-ல் வறட்சியின்போது, அணை நீரைப் பறவைகளுக்காகத் திறந்துவிடக் கூடாது என்று அப்பகுதி உழவர்கள் போராடினர். தம் வயல் காய்ந்து கிடக்க, தம் கண்முன்னே நீர் கீழ்நோக்கிச் செல்வதை அவர்கள் ஏற்கவில்லை. அவர்களைக் குறைகூறுவது எளிது. அவர்களுடைய நிலையில் நின்று பார்ப்பதே நிர்வாகியின் கடமை. கரௌலி உழவருக்குப் பரத்பூர்ப் பறவையால் ஒரு காசு வருமானமும் இல்லை. பரத்பூரில் விடுதி நடத்துவோருக்கும் வழிகாட்டுவோருக்கும் வருமானம் உண்டு. ஆனால் அவர்களிடம் அணையின் மதகு இல்லை. பயன் ஓரிடத்திலும் இழப்பு வேறிடத்திலும் விழும்போது, இரண்டையும் இணைக்கும் ஏற்பாடு இல்லாவிடில் மோதல் தவிர்க்க இயலாதது.

அடுத்து வந்த ஆண்டுகளில் நீரின்றிப் பூங்கா வாடியது. வறண்ட தரையில் சீமைக் கருவேல் விரைந்து பரவியது. நீண்டநாள் கோரிக்கைகளுக்குப் பின்னர், கோவர்தன் வடிகாலில் வரும் வெள்ள நீரைக் குழாய் வழியே பூங்காவிற்குக் கொண்டுவரும் திட்டம் 2012-ஆம் ஆண்டு வாக்கில் நிறைவேறியது. சம்பல் ஆற்றுக் குடிநீர்த் திட்டத்திலிருந்தும் ஒரு பகுதி நீர் கிடைக்க வழி செய்யப்பட்டது. இயற்கையான வெள்ளத்துடன் மீன் குஞ்சுகளும் நீர்த் தாவர விதைகளும் சேர்ந்து வரும். குழாய் நீர் இந்த இழப்பை முழுமையாக ஈடுசெய்வதில்லை.

சீமைக் கருவேல் விவகாரத்தில் நிர்வாகம் முன்பைவிட அறிவார்ந்த வழியைக் கைக்கொண்டது. கிராமங்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அக்குழுக்களைச் சேர்ந்த குடும்பங்கள் மரத்தை வேரோடு அகற்றி, விறகைத் தாமே எடுத்துச்செல்ல அனுமதிக்கப்பட்டன. பூங்காவிற்குக் களை நீங்கியது. குடும்பங்களுக்கு எரிபொருளும் வருமானமும் கிடைத்தன. 1982-ல் எருமை மேய்ச்சலில் காணத் தவறிய உண்மை இதில் உணரப்பட்டது எனலாம்.

பார்வையாளர் காண வேண்டியவை

இன்று இப்பூங்காவிற்குச் செல்வோர் நுழைவுக் கட்டணம் செலுத்தி, நடந்தோ மிதிவண்டியிலோ ரிக்ஷாவிலோ உள்ளே செல்லலாம். கரைகளின்மீது அமைந்த பாதைகளில் நடப்பதே சாலச் சிறந்தது. ரிக்ஷா ஓட்டுநர்கள் பலர் பறவைகளை இனங்காண நிர்வாகத்தால் பயிற்சியளிக்கப்பட்டவர்கள். ஒரு பறவையின் இருப்பிடத்தையும் பழக்கத்தையும் அவர்கள் கூறக் கேட்பது பயனுள்ள பாடமாகும். பூங்காவின் பயனை உள்ளூர் மக்களிடம் நேரடியாகச் சேர்க்கும் ஏற்பாடு என்ற வகையிலும் இது போற்றத்தக்கது.

350-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்குப் பதிவாகியுள்ளன. நல்ல மழை பெய்த ஆண்டில், ஆகஸ்டு முதல் நீரில் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா முதலியவை கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடக்கிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்து, கிளுவை, தட்டைவாயன், வரித்தலை வாத்து ஆகியவற்றைக் காணலாம். சாரசக் கொக்கு இணை இணையாக நடமாடுவதையும், குளிர்காலக் காலைகளில் மலைப்பாம்புகள் வெயில் காய்வதையும் பார்க்கலாம். அதிகாலையிலும் மாலையிலும் செல்வது நன்று. பாதையை விட்டு விலகாமை, கூடுகளை நெருங்காமை, உரத்துப் பேசாமை ஆகிய மூன்றும் பார்வையாளர் பின்பற்ற வேண்டிய ஒழுங்குகள்.

ஒரு பறவையை மட்டும் இனி இங்குக் காண இயலாது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து நெடுந்தொலைவு கடந்து இங்கு வந்த வெண்ணிறச் சைபீரியக் கொக்குகளின் கடைசி இணை 2001-02 குளிர்காலத்தில் காணப்பட்டது. அதன்பின் அவை வரவில்லை. வலசைப் பாதையில் நடந்த வேட்டை அவை அருகியதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. ஒரு நாட்டின் மதிலுக்குள் எடுக்கும் பாதுகாப்பு, பல நாடுகளைக் கடந்து பறக்கும் பறவைக்குப் போதாது என்பதற்கு இது சான்று.

பறவைகளுடன் மதகுகளையும் பார்வையாளர் கூர்ந்து நோக்கவேண்டும். எந்தப் பாத்தியில் நீர் உள்ளது, எது வறண்டுள்ளது, புல் எவ்வளவு மண்டியுள்ளது என்று குறித்துக்கொண்டால், அவ்வாண்டின் பறவை எண்ணிக்கைக்கான காரணம் தானே விளங்கும்.

செலவை ஏற்பவர் யார்?

அமெரிக்காவில் வேட்டைக்காரரே இச்செலவின் பெரும்பகுதியை ஏற்கும்படி சட்டம் இயற்றினர். 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீர்ப்பறவை வேட்டையாடுவோர் ஆண்டுதோறும் 'வாத்து முத்திரை' வாங்கவேண்டும். அத்தொகை சதுப்பு நிலங்களை வாங்கப் பயன்படுகிறது. 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீதான தீர்வை வனவிலங்குப் பணிகளுக்காக மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அங்கு நடைப்பயணியும் பறவை காண்போரும் இதன் பயனை அனுபவிக்கின்றனர்.

நாம் வேட்டையை விலக்கிய முடிவு நம் நாட்டின் உணர்வுக்கும், அருகிவரும் உயிரினங்களின் நிலைக்கும் ஏற்றதே. ஆயினும் வேட்டையுடன் அதற்கான வருவாய் வழியும் இல்லாமற்போகிறது என்பதை உணரவேண்டும். அவ்விடத்தை நுழைவுக் கட்டணம் நிரப்பும் என்று எண்ணுவது பிழை. மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் குறையும். பறவைகள் குறைந்தால் பார்வையாளர் குறைவர். கட்டண வருவாயும் சரியும். நீரைக் கொண்டுவரவும் களை நீக்கவும் செலவு மிகுதியாக வேண்டியதும் அதே ஆண்டில்தான். தேவை ஏறும்போது இறங்கும் வருவாயை நம்பி ஒரு பொதுச் சொத்தை நடத்த இயலாது. ஆகவே, பொது நிதியிலிருந்து நிலையான ஒதுக்கீடும், ஆற்று நீரில் எழுத்து வடிவிலான பங்கும் இத்தகைய பகுதிகளுக்கு இன்றியமையாதவை.

அதிகாரிகளுக்கும் மாணவர்களுக்கும் சில கருத்துகள்

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, ஓர் இடத்தின் சட்டத் தகுதியை உயர்த்துமுன், அங்கு ஏற்கெனவே நடைபெற்றுவரும் பயன்பாடுகளைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றும் செய்யும் நன்மை தீமைகளை ஆராயவேண்டும். ஆய்வு முன்னும் ஆணை பின்னும் செல்லவேண்டும்.

இரண்டாவது, உரிமை இழப்போருக்குரிய மாற்று ஏற்பாடு, தடை நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்பே அவர்கள் கையில் கிடைத்திருக்கவேண்டும். தீவனத்திற்கான நிலமாயினும் புல் அறுக்கும் அனுமதியாயினும் இது பொருந்தும்.

மூன்றாவது, பாசனத் திட்டங்களை வகுக்கும்போதே கீழ்ப்பகுதிச் சதுப்பு நிலங்களின் தேவையைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். அணை கட்டி முடிந்து, ஆயக்கட்டும் உருவானபின் நீர் கேட்பது, இருப்பவரிடமிருந்து பறிப்பதாகவே தோன்றும்.

நான்காவது, தேசியப் பூங்கா என்ற ஒரே வடிவமே எல்லா இடங்களுக்கும் பொருந்தும் என்று கருத வேண்டியதில்லை. 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்புக் காப்பகம், சமூகக் காப்பகம் என்ற இரண்டு புதிய வகைகளைச் சட்டத்தில் சேர்த்துள்ளது. மக்களின் பயன்பாடும் உயிரினப் பாதுகாப்பும் இணைந்து செல்லக்கூடிய இடங்களில் இவற்றை முதலில் பரிசீலிக்கலாம்.

மாணவர்கள் தம் மாவட்டத்தில் உள்ள சரணாலயம் அல்லது நீர்நிலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு நீர் எங்கிருந்து வருகிறது, அந்நீருக்கு வேறு உரிமையாளர் யார், அப்பகுதியால் வருமானம் பெறுவோர் யார், இழப்பை அடைவோர் யார் என்ற நான்கு வினாக்களுக்கு விடை தேடுவது சிறந்த களப்பயிற்சியாக அமையும். இந்நான்கு விடைகளும் ஒரே ஊர் மக்களைச் சுட்டுமானால் அப்பகுதிக்குக் காவல் எளிது. அவை வெவ்வேறு ஊர்களைச் சுட்டுமானால், அவ்வூர்களிடையே நியாயமான ஒப்பந்தம் காண்பதே அங்குப் பணியாற்றும் அதிகாரியின் முதற்பணி ஆகும்.